பேசாத இருபத்தோரு நாள்

பொன்னுராஜ் கராத்தே படத்தில் நடித்தது மொத்தம் அரை நாள். அதில் பாதி நேரம் தாடி ஒட்டுவதற்கே போய்விட்டது. மீதி நேரத்தில் நடந்த ஒரு காரியத்தால் அவனுடைய பன்னிரண்டு வருசப் பிழைப்பு கையை விட்டுப் போகப் பார்த்தது.

அவன் எனக்கு ஒன்பது வயது இளையவன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அவன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஒரு கம்பெனியில், சரக்குக் கட்டி அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தான். ராஜபாளையம் வரை இரண்டு பேருக்கும் ஒரே ஏழரை மணி பஸ்.

இது மாதத்தில் இருபத்து நாலு நாள். மிச்சம் ஆறு நாள் அவன் ரேடியோக்காரன்.

அவன் அப்பா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. பொன்னுராஜ் பள்ளிக்கூடம் படிக்கும்போதே சவுண்ட் சர்வீஸ்காரரோடு கல்யாண வீடுகளுக்குப் போய் மைக் பிடிப்பான். "மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வரலாம்" என்று அவன் சொன்னால் பெண் வீட்டாரும் எழுந்து போவார்கள், அப்படி ஒரு குரல். 1980இல் திருநெல்வேலி வானொலியில் தற்காலிக அறிவிப்பாளருக்கு ஆள் எடுத்தார்கள். எழுதிப் போட்டான், எடுத்துக்கொண்டார்கள். மதுரையில் நிலையம் வந்ததும் அங்கே மாறிக்கொண்டான். மாதத்துக்கு ஆறு நாளுக்கு மேல் கிடைக்காது. காலை ஒலிபரப்பு என்றால் முந்தின நாள் சாயங்காலமே மதுரைக்குப் பஸ் ஏறி அங்கேயே படுத்துக்கொள்வான். நேரம் சொல்வான், பாட்டுப் பேர் சொல்வான், வத்தல் என்ன விலை, எந்த அணையில் எத்தனை அடித் தண்ணீர் என்று வாசிப்பான்.

குரல்தான் ஊருக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. பஸ்ஸில் ஒருநாள் காய்கறிக்காரி வேலுத்தாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரேடியோவுல பேசுதாரே பொன்னுராஜ், அவரு நல்ல செவப்பாம், ஆறடி ஒசரமாம். எங்க மச்சான் பாத்திருக்காக" என்று அவனிடமே சொன்னாள். இவன் கறுப்பு. என் காதளவுதான் இருப்பான். "அப்படியா ஆச்சி" என்று கேட்டுக்கொண்டான்.

இறங்கின பிறகு, "ஏன்டா சொல்லல?" என்றேன்.

"அந்த ஆறடி ஆளு அவிய மனசுல நல்லபடியா இருந்துட்டுப் போகட்டும்க்கா. நான் போயி ஏன் கெடுக்கணும்?"

1992 ஆகஸ்டு முதல் வாரம் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. நிரந்தர அறிவிப்பாளர் வேலைக்கு இரண்டு இடம். எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே தேறியிருந்தான். குரல் தேர்வு செப்டம்பர் 23. வயது உச்சவரம்பு முப்பத்தைந்து. அக்டோபரில் அவனுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அடுத்தமுறை ஆள் எடுக்கும்போது விண்ணப்பத்தைத் தொடக்கூட முடியாது. பஸ்ஸில் அந்தக் கடிதத்தை என்னிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினான், நான் கேட்காமலே.

அதே மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி கராத்தே படம் எடுக்க ராஜபாளையம் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் ஷூட்டிங். கூட்டத்தில் சண்டை போடுவதற்கு ஆள் வேண்டும் என்று, ஊரில் கராத்தே வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பால்ச்சாமியிடம் இருபது பையன்களைக் கேட்டார்கள். கதாநாயகனுக்கு வித்தை சொல்லித் தரும் கிழட்டு குருவாக நடிக்க ஒருவர் மெட்ராஸிலிருந்து வர வேண்டியது. காய்ச்சல், வரவில்லை. நாலு வரி வசனம். பிறகு வில்லன் ஆட்கள் வந்து அடிப்பார்கள், குரு செத்துப் போவார், அவ்வளவுதான் வேஷம்.

பால்ச்சாமி, "நம்ம பொன்னுராஜைப் போடுங்க சார், கொரல் கணீர்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டான். பால்ச்சாமியின் பெல்ட் போட்டிகளுக்கு மைக்கில் பேசுகிறவன் பொன்னுராஜ்தான். அந்த நன்றி. சினிமாவில் குரலை மெட்ராஸில் போய்த் தனியாகச் சேர்ப்பார்கள் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

ஆகஸ்டு 23, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பகல் டூட்டி. பதினொன்றரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. காவி வேட்டியும் ஜடாமுடியும் நெஞ்சு வரை வெள்ளைத் தாடியுமாக ஒரு பெரியவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வெள்ளைக் கராத்தே உடுப்பில் ஏழெட்டுப் பேர். சீட்டு எழுதும் பெண் ஆளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வயது எழுபது என்று எழுதினாள்.

"பெரியவரே, மூச்சு விட முடியுதா?" என்று கேட்டேன்.

பெரியவர் என் கையைப் பிடித்தார். அந்த மணிக்கட்டில் இருந்த கடிகாரத் தடத்தையும், கட்டைவிரலில் சணல் அறுத்த பழைய தழும்பையும் பார்த்தேன். தினமும் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கண்ணுக்கு நேரே நிற்கிற கை.

"ஏலே, பொன்னுராஜா நீ?"

தலையை ஆட்டினான். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"பேசாத. வாயை மூடு" என்றேன்.

கழுத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தாடியை எடுக்க வேண்டும். அது ஏதோ கெட்டிப் பசையில் ஒட்டியது. ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு இழுத்தேன், அவனுடைய சொந்த முடியும் கொஞ்சம் கூடவே வந்தது. உள்ளே குரல்வளை மேட்டுக்கு இடப்பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. கழுத்தில் அடி என்றால் முதலில் மூச்சைத்தான் பார்க்க வேண்டும். காதை வைத்துக் கேட்டேன், விசில் சத்தம் இல்லை. தோலை அழுத்திப் பார்த்தேன், மூச்சுக்குழாய் கிழிந்திருந்தால் மணல் நெரிவதுபோல ஒரு சத்தம் வரும், அதுவும் இல்லை. டிரேயில் துப்பச் சொன்னேன். எச்சிலில் நூல் போல ரத்தம். டாக்டர் வந்து பார்த்து வீக்கத்துக்கு ஊசி போட்டார். ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கட்டில் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தோம், தேவைப்படவில்லை.

"உயிருக்கு ஒன்னும் இல்ல" என்றார் டாக்டர். "குரல் எப்படின்னு மதுரையில தொண்டை டாக்டர்ட்ட காட்டித்தான் சொல்ல முடியும்."

பால்ச்சாமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூணு தடவை ஒத்திகை பார்த்தோம்க்கா. சண்டை மாஸ்டர் ரத்தினம் கேமராவுக்குப் பக்கத்துல கையைத் தூக்கிட்டு நிப்பாரு. கையைக் கீழ போட்டதும் கம்பு வரும், இவன் குனியணும். மூணு தடவையும் மாஸ்டர் வாயால 'குனி, குனி'ன்னு சொன்னாரு, குனிஞ்சான். நாலாவது நெசமாவே எடுக்கையில மாஸ்டர் சத்தம் போடல, கையை மட்டும் போட்டாரு. இவன் குனியாம நிமிந்து நின்னு வாயைத் தொறக்கான்! கம்பு பொய்க்கம்புதான், பஞ்சு சுத்தினது. அடிச்சவனும் பாதியில இழுத்துட்டான். இல்லைன்னா..."

"அத விடு. இவன் ஏன் குனியல?"

பொன்னுராஜ் சீட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கி, வயது எழுபது என்று எழுதியிருந்ததற்குக் கீழே எழுதினான்: கை விழுந்தது. நேரம் சொல்லிட்டேன்.

பால்ச்சாமிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வானொலியில் எப்படி வேலை நடக்கும் என்று பஸ்ஸில் பல நாள் சொல்லியிருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்திருப்பார். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் இந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடக்கூடாது, காகிதம் சலசலக்கக்கூடாது, ஆள் அசையக்கூடாது. அவர் கையைத் தூக்குவார். கை கீழே விழுந்த அந்த நொடியே வாயைத் திறந்து பேச ஆரம்பிக்க வேண்டும். அரை நொடி பிந்தினாலும் ஊர் முழுக்க வெறும் இரைச்சல் போகும், விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருசம் கை விழுந்தால் பேசியவன், மாந்தோப்பிலும் கை விழுந்ததும் ஆடாமல் நிமிர்ந்து நின்று "நேரம்" என்று தொடங்கியிருக்கிறான். 'நே' வரைக்கும்தான் வந்ததாம்.

அவன் மனைவி செல்லக்கனி தகவல் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓடி வந்தாள். தையல் வேலை செய்கிறவள், தோளில் டேப்போடு அப்படியே வந்திருந்தாள். ஆளை உட்கார்ந்த நிலையில் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு பக்கத்து மேஜையில் கிடந்த தாடியைப் பார்த்தாள்.

"குரல் தேர்வு கடுதாசியைக் கையில வச்சிக்கிட்டு அடி வாங்கப் போன ஆளு, உலகத்துல அவிய ஒருத்தருதான் இருப்பாக" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் மதுரையில் தொண்டை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு, நாக்கைப் புண்ணுக்கு வைக்கும் காஸ் துணித் துண்டால் பிடித்து வெளியே இழுத்து, சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டார். "ஈ சொல்லுங்க" என்றார். காற்றுதான் வந்தது. நாலு தடவை சொல்லச் சொன்னார், நாலு தடவையும் காற்று.

"குரல் நாண் கிழியல. ஆனா ரத்தம் கட்டியிருக்கு, ரெண்டு பக்கமும் வீக்கம். இருபத்தோரு நாள் ஒரு சத்தம் வரக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். செருமக்கூடாது. ரத்தக்கட்டு கரைஞ்சா குரல் வரும். தழும்பு விழுந்தா கரகரன்னு அப்படியே நின்னுடும்."

"தழும்பு விழாதுன்னு சொல்ல முடியுமா டாக்டர்?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா."

நான் நாளை எண்ணிப் பார்த்தேன். இருபத்தோரு நாள் என்றால் செப்டம்பர் 14 திங்கட்கிழமை திரும்ப வந்து காட்ட வேண்டும். தேர்வு 23. நடுவில் ஒன்பது நாள் இருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்லக்கனி என்னிடம், "அக்கா, கல்யாணம் ஆகி எட்டு வருசத்துல அவிய இருபத்தோரு நிமிசம் சேந்தாப்புல வாயை மூடி நான் பாத்ததில்ல" என்றாள். அவன் மடியில் வைத்திருந்த மகளுடைய சிலேட்டில், "தூங்கும்போது?" என்று எழுதிக் காட்டினான்.

"தூங்கும்போதுந்தான்! மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா 'இப்போது நேரம்'னு ஆரம்பிச்சிருவாக. அணைத் தண்ணி வரைக்கும் வாசிச்சிட்டுத்தான் எந்திரிப்பாக."

அவள் சொன்னது வேடிக்கைக்கு. எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. பகலில் தூங்கக்கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்தான். வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வெந்நீர் ஆவி இரண்டு வேளை. மிளகாய் குறைச்சல். தண்ணீர் மணிக்கு ஒரு டம்ளர். ஆம் என்றால் ஒரு கைதட்டு, இல்லை என்றால் இரண்டு. பார்க்க வருகிறவர்கள் வாசலோடு போக வேண்டும், ஏனென்றால் வந்தவர்கள் எல்லாம் "எங்க, இப்ப ஒரு வார்த்தை பேசு பாப்போம்" என்று கேட்டார்கள். பேச முடியாதவனைப் பார்த்ததும் எல்லாருக்கும் அதுதான் வாயில் வருகிறது.

அவன் அம்மா பிச்சையம்மாள் ராஜபாளையத்திலிருந்து ஒரு பை நிறைய சித்தரத்தையோடு வந்து இறங்கினாள்.

"ஏலே பொன்னு, இத வாயில அடக்கிக்கோ. சாறு எறங்கினா தொண்டை தொறந்துரும்."

"ஆச்சி, அது ஒறைக்கும். ஒறைச்சா செருமுவான். செருமக்கூடாது" என்றேன்.

"நீ ஊசி போடுத. நான் பெத்திருக்கேன்."

"பெத்தது நீங்கதான் ஆச்சி. பதினாலாந்தேதி வரைக்கும் எங்கிட்ட விடுங்க, பொறவு கூட்டிட்டுப் போயிருங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆனால் சித்தரத்தைப் பையைக் கட்டி அடுக்களைப் பரணில் வைத்துவிட்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அந்த வேலையை அவளைப்போல வேறு யாரும் செய்திருக்க முடியாது.

முதல் வாரம் அவன் ஒழுங்காக இருந்தான். பயம் இருந்தது. ஒன்பதாம் நாள் காலை செல்லக்கனி தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள், ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்குப் பதிலாக வந்த புது ஆள் ஏழு இருபதை ஏழு பத்து என்று சொல்லிவிட்டான். பொன்னுராஜ் இலையிலிருந்து துள்ளி எழுந்து ரேடியோவைப் பார்த்து வாயைத் திறந்தான். செல்லக்கனி கையில் இருந்த தோசையை அப்படியே அவன் வாயில் திணித்துவிட்டாள்.

நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் ரேடியோ பேட்டரிகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள்.

"ஒங்க வீட்டுல வைங்கக்கா. தேடி எடுத்துப் போட்டுருவாக."

"சூடு பட்டுச்சா?"

"ஒதட்டுல லேசா. தொண்டைக்கு ஒன்னும் இல்ல."

தேங்காயெண்ணெய் தடவச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து வேறு தொந்தரவு. ஆள் சிலேட்டில் எழுதுவதையும் விட்டுவிட்டான். சாப்பிட்டான், ஆவி பிடித்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இப்படிப்பட்டவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு ஆறுதல் சொல்வது வீண், வேலை கொடுக்க வேண்டும். செல்லக்கனி தைத்த ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு வைத்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் கோணலாக வைத்தான். மூன்றாம் நாள் நேராக வந்தது. அன்று எழுதினான்: குரல் வரலைன்னா இந்த வேலை தேறும்.

"தேறாது. இன்னும் ரெண்டு ஊக்கு மேல கீழ இருக்கு, பிரி" என்றேன்.

பதினாறாம் நாள் சண்டை மாஸ்டர் ரத்தினம் வந்தார். ஆறடி உயரம், கையில் ஆப்பிள் பை. பிச்சையம்மாள் வாசலில் மறித்தாள்.

"யாரு நீங்க?"

"சினிமா கம்பெனிம்மா. சாரைப் பார்க்கணும்."

"ஓ, எம்புள்ள தொண்டையில கம்பை விட்ட ஆளா? வாங்க, வாங்க. ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன்."

அரை மணி நேரம் அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"முப்பது வருசமா சண்டை வைக்கிறேன் சிஸ்டர். கையைப் போட்டா குனிஞ்சவன் உண்டு, ஓடுனவன் உண்டு. வாயைத் திறந்தவன் இவரு ஒருத்தர்தான். நான் சத்தம் கொடுத்திருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றார்.

பொன்னுராஜ் இரண்டு தட்டு தட்டினான். இல்லை என்று அர்த்தம். பிறகு தன்னையே காட்டி ஒரு தட்டு தட்டினான்.

மாஸ்டர் வந்த காரியம் வேறு. படம் சீக்கிரம் வர வேண்டுமாம். மெட்ராஸில் அந்த வாரமே குரல் சேர்க்கிறார்கள். குரு வேஷத்துக்கு நாலு வரி. பொன்னுராஜ் வந்து பேசினால் அவன் குரல், வராவிட்டால் வேறு ஆள்.

"மெதுவாப் பேசினாப் போதும் சார். சாகிற குருதானே, கரகரன்னு இருந்தாலும் பொருத்தமா இருக்கும். பேரும் வரும்."

நான் வாயைத் திறக்கப் போனேன், செல்லக்கனி என் கையை அழுத்தினாள். இதை அவன்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள் போலும். பொன்னுராஜ் சிலேட்டை எடுத்தான். எழுதினான், அழித்தான். அவன் அந்த வேஷத்துக்குப் போனதே குரலுக்காகத்தான், அது எனக்குத் தெரியும். கொட்டகையில் உட்கார்ந்து ஊரே கேட்கும் என்று நினைத்துப் போனவன். கடைசியில், வேற ஆளைப் போட்டுக்கிடுங்க என்று எழுதி மாஸ்டரிடம் நீட்டினான். மாஸ்டர் அதை வாசித்துவிட்டு அவன் தோளைத் தட்டினார். ஆப்பிள் நன்றாகவே இருந்தது.

செப்டம்பர் 14. மதுரை டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நெரித்து நெரித்துச் செல்லக்கனியின் விரல் சிவந்துபோயிருந்தது. உள்ளே போனதும் டாக்டர், "என்ன, இப்ப பேசலாமே. பேர் சொல்லுங்க" என்றார். பொன்னுராஜ் சிலேட்டில் பேரை எழுதிக் காட்டினான்.

"எழுத வேண்டாம். சொல்லுங்க."

மறுபடியும் சிலேட்டைக் காட்டினான். குரல் வராது என்பதைவிட, வந்தால் அது எப்படி இருக்கும் என்று கேட்கத்தான் அவனுக்குப் பயம். இருபத்தோரு நாளும் அவன் காதில் பழைய குரல்தான் இருந்திருக்கிறது. வாயைத் திறந்துவிட்டால் அது போய்விடுமே.

டாக்டர் வற்புறுத்தவில்லை. சிலேட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். காஸ் துணியை எடுத்து, நாக்கைப் பிடித்து இழுத்து, கண்ணாடியை உள்ளே விட்டார். அந்த நிலையில் யாராலும் அடம்பிடிக்க முடியாது. எழுதவும் முடியாது, தலையை ஆட்டவும் முடியாது.

"ஈ."

"ஈ..."

வந்தது. தகரத்தில் ஆணி இழுத்ததுபோல முதலில் கீறிக்கொண்டு வந்தது, பிறகு தெளிந்தது. ஆட்டுக்குட்டி கத்துவதுபோல நீளமாக ஒரு ஈ. செல்லக்கனி சுவரில் சாய்ந்துகொண்டாள். எனக்கும் முதுகில் ஏதோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று டாக்டர் சொல்ல, மூன்று ஈ. அவர் கண்ணாடியை எடுத்தார்.

"தழும்பு இல்ல. இடப்பக்கம் கொஞ்சம் சிவப்பு இருக்கு, அது போயிரும். இனி பேசலாம், ஆனா இன்னைக்கு அஞ்சு நிமிசம், அப்புறம் அளவாக் கூட்டணும்."

பொன்னுராஜ் நாக்கைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க டாக்டர்" என்றான்.

கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் அவன் குரல்தான். வெளியே வந்ததும் செல்லக்கனி, "அஞ்சு நிமிசந்தான் பேச விட்ருக்காக, இன்னைக்கு உள்ள பங்கை இங்கயே முடிச்சிராதிய" என்றாள். அவன் சிரித்தான், சத்தம் போட்டு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து, அடுத்த நாள் இருபது என்று கூட்டிக்கொண்டு போனோம். வாசிப்பதற்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் என்னுடைய பழைய நர்ஸிங் பாடப் புத்தகத்தைக் கொடுத்தேன். படுக்கைப்புண் வராமல் காப்பது எப்படி என்று அவன் வாசித்தால் அணைத் தண்ணீர் நிலவரம்போலவே இருந்தது. பிச்சையம்மாள் வாசலில் இருந்து கேட்டுவிட்டு, "புள்ள நல்லா வாசிக்கான், ஆனா விசயந்தான் ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

தேர்வுக்கு ஆறு பேர் வந்திருந்தார்களாம். ஒரு செய்தி, ஒரு விளம்பரம், ஒரு பேச்சு வாசிக்கச் சொன்னார்கள். முடித்து வெளியே வந்ததும் அதிகாரி ஒருவர் கூப்பிட்டு, "தொண்டைக்கு என்ன ஆச்சு பொன்னுராஜ், கொஞ்சம் கட்டின மாதிரி இருக்கே?" என்று கேட்டிருக்கிறார். சளி என்று சொல்லியிருக்கலாம். இவன், "கராத்தே படத்துல அடி வாங்கினேன் சார்" என்றானாம். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்பு நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் நாலு மாதம் அலைந்தான். நடுவில் முப்பத்தைந்து வயதும் முடிந்துவிட்டது.

பொங்கலுக்குப் படம் வந்தது. ராஜபாளையம் கொட்டகையில் பிச்சையம்மாள், செல்லக்கனி, பொன்னுராஜ், பால்ச்சாமி, நான் எல்லாரும் போனோம். திரையில் தாடிக் கிழவர் வாயைத் திறந்தார், யாரோ ஒரு தடித்த மெட்ராஸ் குரல் வந்தது. பிச்சையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இது எம்புள்ள கொரல் இல்ல!"

"ஆச்சி, ஒக்காரு ஆச்சி. மறைக்குது" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அடி விழுந்ததை அவர்கள் வெட்டவில்லை, அப்படியே வைத்திருந்தார்கள். கம்பு வருகிறது, கிழவர் நிமிர்ந்து நிற்கிறார், விழுகிறார். கொட்டகை விசிலடித்தது. என்ன நடிப்பு என்று முன் வரிசையில் ஒருவன் சொன்னான். பொன்னுராஜ் முகத்தை மூடிக்கொண்டான். நான் கம்பு எங்கே படுகிறது என்று மட்டும் பார்த்தேன். இன்னும் ஒரு விரல் அகலம் உள்ளே வந்திருந்தால் குரலைப் பற்றியெல்லாம் யாரும் பேசியிருக்க மாட்டோம்.

அந்த மாதக் கடைசியில் உத்தரவு வந்துவிட்டது. இரண்டு இடத்தில் ஒன்று அவனுக்கு. விண்ணப்பித்த தேதியில் வயது சரியாக இருந்ததால் அதில் சிக்கல் வரவில்லை. செல்லக்கனி கடிதத்தை வாங்கி, கடைசி வரி வரை படித்து, மடித்து, தையல் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இதையும் கையில வச்சிக்கிட்டு எங்கயாவது நடிக்கப் போயிருவாக" என்றாள்.

வேலையில் சேர மருத்துவச் சான்று வேண்டும். அரசு டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண், காது, மார்பளவு என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தார். பேச்சு என்ற கட்டத்துக்கு வந்ததும், "சத்தமா ஏதாச்சும் சொல்லுங்க" என்றார். பொன்னுராஜ் எழுந்து நின்று, அன்றைய தேதி, கிழமை, நேரம், எல்லாவற்றையும் சொன்னான். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர், 'இயல்பு' என்று எழுதினார்.

"சார், நல்ல குரல்னு போடக்கூடாதா?"

"இந்தக் கட்டத்துல இயல்பு, குறைபாடு, ரெண்டுதான் இருக்கு. எது வேணும்?"

"இயல்பே போதும் சார்" என்றான் பொன்னுராஜ். முத்திரை காயும்வரை தாளை ஊதிக்கொண்டு நின்றான்.